கடைமடை வரை யோசியுங்கள்: நிரல்மொழியில் ஒரு மாற்றத்தை முன்மொழிந்து, பேசி, முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

2019 தீபாவளிக்கு முந்தைய வாரம். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க பில் மெஷின் அம்பது பைசா அம்பது பைசாவா என்கிட்ட திருடுது."

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். தள்ளுபடி, ஏற்றுக்கூலி, கடன் பாக்கிக்கு வட்டி என்று கடைக்குக் கடை கணக்கு மாறும். அந்த விதிகளை எழுதுவதற்காகவே குட்டி மொழி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம். "மூட்டை > 50 என்றால் தள்ளுபடி = 2" என்று தமிழிலேயே எழுதிவிடலாம். அடியில் ஓடுவது பைத்தான் என்ற நிரல்மொழி. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1 முதல் பராமரிப்பு கிடையாது என்று அறிவித்திருந்ததால், அந்த மாதம்தான் பைத்தான் 3-க்கு மாறியிருந்தோம்.

அரை நாள் தேடிய பிறகு திருடன் அகப்பட்டான். 42 ரூபாய் 50 பைசாவை முன்பு 43 என்று முழுமையாக்கிய மென்பொருள், இப்போது 42 என்றது. ஆனால் 43 ரூபாய் 50 பைசா அன்றும் 44, இன்றும் 44. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும்படி பைத்தான் 3-ல் முறையை மாற்றியிருக்கிறார்கள். தப்பான முடிவு என்று சொல்ல முடியாது. பாதியை எப்போதும் மேலே தள்ளினால், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல்நோக்கிச் சாயும். இரட்டைப்படைக்குத் தள்ளினால் ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். 2008 டிசம்பரில் 3.0 வந்தபோதே இதைக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் படிக்கவில்லை. அண்ணாச்சி படிக்கப்போவதும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம். எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்று மேலே முடிவாகும். வந்ததா இல்லையா என்பது கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும். நிரல்மொழி மாற்றமும் அப்படித்தான். முன்மொழிகிறவரும் விவாதிக்கிறவர்களும் தலைமடையில் நிற்கிறார்கள். மாற்றத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த விவாதம் நடந்ததே தெரியாதவர்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கவலையோடுதான் எழுதியிருக்கிறேன். பைத்தான், ரஸ்ட் போன்ற பெரிய மொழியில் ஏதாவது கேட்க நினைப்பவருக்கும், எங்களைப் போல சொந்தமாகச் சின்ன மொழி வைத்திருக்கும் குழுவுக்கும் பொருந்தும்.

படி 1: இது மொழியின் வேலைதானா?

முதலில் உங்கள் ஆசை எந்த ரகம் என்று பாருங்கள். மொழி தான் சொன்னபடி நடக்கவில்லை என்றால் அது பிழை. முன்மொழிவு தேவையில்லை, பிழை அறிக்கை போதும். புதிதாக ஒரு செயல்பாடு வேண்டும் என்றால் லைப்ரரியாக (மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பாக) எழுதிப் பகிர்ந்தாலே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். மொழியின் எழுத்திலக்கணத்தையே மாற்ற வேண்டும், அல்லது இருக்கும் ஒன்றின் நடத்தையை மாற்ற வேண்டும், நீக்க வேண்டும் என்றால்தான் கீழே உள்ள நெடும்பயணம்.

ஒரு எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். பைத்தானில் ஒரு எண்ணைக் காற்புள்ளியோடு அச்சிடச் சொன்னால் 1,234,567 என்று வரும். நமக்கு வேண்டியது 12,34,567. லட்சம், கோடிக் கணக்கில் புழங்கும் எவருக்கும் இந்த எரிச்சல் தெரியும். இதை மொழிக்குள் கொண்டுவரச் சொல்லி நாம் கேட்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தீர்வை மூடி வைத்துவிட்டு, தொந்தரவை எழுதுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, "இந்தக் குறியைச் சேருங்கள்" என்று தொடங்குவது. அப்படித் தொடங்கினால் எல்லோரும் குறியைப் பற்றித்தான் பேசுவார்கள். முதல் பக்கத்தில் தீர்வே வரக் கூடாது. யார் என்ன செய்ய முயல்கிறார், எங்கே முட்டுகிறார், இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்பது மட்டும் வரட்டும்.

நம் எடுத்துக்காட்டில் சமாளிக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, இந்திய வட்டார அமைப்பை, அதாவது எண்ணையும் தேதியையும் நம் நாட்டு வழக்கப்படி காட்டும் அமைப்பை, தேர்ந்தெடுத்து அச்சிடுவது. இது லட்சக் காற்புள்ளியைச் சரியாகப் போடும். ஆனால் அந்த வட்டார அமைப்பு கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். போதாததற்கு, ஒரு இடத்தில் மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் முழு நிரலுக்கும் மாறிவிடும். இன்னொரு வழி, நாமே பத்து வரியில் ஒரு செயல்பாடு எழுதிக்கொள்வது. எங்கள் மென்பொருளில் அது மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தது, அதில் ஒன்று கழித்தல் குறியுள்ள எண்ணுக்குத் தப்பாக அச்சிட்டது. இப்படி நிஜ நிரலிலிருந்து எடுத்த வலிதான் முன்மொழிவுக்கு உயிர். "பலருக்கும் பயன்படும்" என்ற வரியை நான் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுவேன். அந்தப் பலர் யார், அவர்கள் நிரல் எங்கே என்று காட்டுங்கள்.

படி 3: முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா?

பைத்தானில் முன்மொழிவுகளுக்குப் பெப் என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய முறை. ஏற்றுக்கொள்ளப்பட்டவை மட்டுமல்ல, நிராகரிக்கப்பட்டவை, திரும்பப் பெறப்பட்டவை, ஒத்திவைக்கப்பட்டவை எல்லாம் எண்ணோடு அப்படியே கிடக்கின்றன. அந்தச் சுரங்கத்தில் ஒரு வாரம் செலவழிப்பது வீண் போகாது.

நம் காற்புள்ளிக்கு முன்னோடி பெப் 378. ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி போடும் வசதி 2009-ல் அதன் வழியாகத்தான் வந்தது. அடுத்தது பெப் 515. எண்ணை எழுதும்போது இடையில் அடிக்கோடு போடலாம் என்று 3.6 பதிப்பில் வந்தது. இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: அடிக்கோட்டை எந்த இரண்டு இலக்கங்களுக்கு நடுவிலும் போடலாம் என்பதால் 12_34_567 என்று எழுதினால் பைத்தான் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். எழுதுவதற்கு லட்சம் வந்துவிட்டது, அச்சிடுவதற்குத்தான் வரவில்லை. இந்த ஒரு வரி நம் முன்மொழிவை "எங்கள் ஊர் வழக்கத்தைச் சேருங்கள்" என்ற கோரிக்கையிலிருந்து "நீங்கள் பாதி கட்டிய பாலத்தை முடியுங்கள்" என்ற வாதமாக மாற்றிவிடுகிறது.

நிராகரிப்புகளையும் படியுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழலுக்குள் இன்னொரு சுழல் இருக்கும்போது பெயர் சொல்லி வெளிச்சுழலிலிருந்து வெளியேறும் வசதியைக் கேட்ட பெப் 3136, 2007-ல் நிராகரிக்கப்பட்டது. பைத்தான் 3-ல் எவையெல்லாம் மாறாது என்று பட்டியலிடவே ஒரு தனிப் பெப் இருக்கிறது, எண் 3099. பழைய மறுப்புக்குப் பதில் இல்லாமல் அதே கேள்வியோடு போவது, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வில்லங்கச் சான்று இல்லாமல் போவது போல.

படி 4: உள்ளே இருக்கும் ஒருவரைத் துணைக்குச் சேருங்கள்

பைத்தானில் இது விதியே. முன்மொழிபவர்களில் யாரும் மொழியின் மூல உருவாக்குநர் (அதன் நிரலை நேரடியாக மாற்றும் உரிமை உள்ளவர்) இல்லையென்றால், ஒரு ஆதரவாளர் கூட நிற்க வேண்டும். சிபாரிசு என்று நினைத்து முகம் சுளிக்காதீர்கள். உங்கள் யோசனையை மற்றவர்கள் எதிர்ப்பதற்கு முன் தனியாக எதிர்த்துச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறார், அவ்வளவுதான்.

வாசலில் இப்படி ஒரு கதவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்ல் மொழியைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் பெர்ல் 6-க்காக எல்லோரிடமும் யோசனை கேட்டார்கள். 361 முன்மொழிவுகள் வந்து குவிந்தன. அதையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்தி ஒரு மொழியாக்கி, முதல் நிலையான பதிப்பு வர 2015 டிசம்பர் ஆகிவிட்டது. கதவு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளுக்கொரு சன்னல் வரைந்து கொடுத்தால் கொத்தனார் என்ன செய்வார்?

படி 5: எழுதுங்கள்

பெரிய மொழிகள் எல்லாவற்றிலும் வார்ப்புரு இருக்கிறது. தலைப்புகளின் பெயர் கொஞ்சம் மாறும், சாரம் ஒன்றுதான்: சுருக்கம், காரணம், துல்லியமான விவரிப்பு, பழைய நிரலுக்கு என்ன ஆகும், எப்படிக் கற்றுக்கொடுப்பது, மாதிரிச் செயலாக்கம், நிராகரித்த யோசனைகள், இன்னும் முடிவாகாத கேள்விகள். சுருக்கமும் காரணமும் படி 2-லேயே தயார். மூன்று பகுதிகளில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, துல்லியமான விவரிப்பு. "லட்சக் காற்புள்ளி வரும்" என்பது விவரிப்பு ஆகாது. கழித்தல் எண்ணுக்கு எப்படி? தசமப் புள்ளிக்குப் பின்னால் காற்புள்ளி உண்டா? அகலம் நிரப்ப முன்னால் பூஜ்யம் போட்டால் அந்தப் பூஜ்யங்களுக்கு நடுவிலும் வருமா? நூறு கோடியை 1,00,00,00,000 என்று இரண்டிரண்டாகவே கொண்டுபோவதா, அல்லது பட்ஜெட் செய்தியில் சொல்வது போல "லட்சம் கோடி" என்று மறுபடி தொடங்குவதா? பதினாறடிமான எண்ணுக்கு அடிக்கோடு கேட்டால் பைத்தான் நான்கு நான்காகப் பிரிக்கிறது. அங்கே நம் குறியைப் போட்டால் பிழை என்று சொல்வதா, பேசாமல் விடுவதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் எழுத வேண்டும். எழுதும்போதுதான் நமக்கே இரண்டு இடத்தில் பதில் தெரியாது என்பது புரியும்.

தமிழுக்கென்றே இன்னொரு எல்லைக் கதை சொல்கிறேன். பெப் 3131 வந்ததிலிருந்து பைத்தான் 3-ல் மாறிகளுக்கு (மதிப்பைப் பிடித்து வைக்கும் இடங்களுக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம்; விலை = 100 என்று எழுதினால் ஓடும். ஒகரக் குறியை ஒரே எழுத்தாகத் தட்டினாலும், ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினாலும் பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் 'கௌ' என்பதை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டி எழுதுபவர்கள் நம்மில் ஏராளம். பார்க்க ஒன்று, கணினிக்கு வேறு. ஒரு கடையின் விதிக்கோப்பில் 'கௌதம்_பாக்கி' இரண்டு மாறிகளாகப் பிரிந்து, கணக்கு உதைத்தது.

எங்கள் மொழியில் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கலாம் என்று நான்தான் முன்மொழிந்தேன். எல்லோரும் சரி என்று தலையாட்டிய பிறகு, குழுவில் இருக்கும் மீன்கடை வீட்டுப் பையன் கேட்டான்: "அண்ணே, அப்ப கெளுத்தி மீன் என்னாகும்?" கெளுத்தியில் இருப்பது நிஜமான ளகரம். என் விதிப்படி அது 'கௌ'வாகிச் சிதைந்திருக்கும். முன்மொழிவை அன்றே திரும்பப் பெற்றேன். பதிலாக, இப்படி இரட்டையாகத் தெரியும் பெயர்கள் ஒரே கோப்பில் இருந்தால் எச்சரிக்கை மட்டும் காட்டுகிறோம். எச்சரிக்கை என்பது மொழியை மாற்றாமலே மனிதரைத் திருத்தும் வழி. மலிவானது, நிறைய பேர் மறந்துவிடுவது.

இரண்டாவது, கற்றுக்கொடுப்பது. புதிதாகப் படிக்க வரும் முதலாண்டு மாணவருக்கு இதை எந்தப் பாடத்தில், எந்த வாக்கியத்தில் சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போனால் வடிவமைப்பில் கோளாறு.

மூன்றாவது, நிராகரித்த யோசனைகள். "வேறு வழி இல்லை" என்று எழுதாதீர்கள். ஒன்றுமே செய்யாமல் விடுவதும் ஒரு வழி. அதையும் பட்டியலில் நேர்மையாக வையுங்கள். லட்சக் காற்புள்ளிக்கு இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கே மனம் மாறியது. இந்தியாவுக்கு ஒரு குறி கொடுத்தால், பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணும் சீனர்களும் ஜப்பானியர்களும் நாளைக்கு இன்னொரு குறி கேட்கலாம். எல்லோருக்கும் பொதுவாகச் செய்தால் அச்சிடும் இலக்கணம் ஒரு தனி மொழியாகிவிடும். ஒரு நல்ல லைப்ரரிச் செயல்பாடு இதைத் தீர்க்கும் என்பதே இப்போது என் கருத்து. ஆக, நம் எடுத்துக்காட்டு முன்மொழிவு இங்கேயே இறந்துவிட்டது. வருத்தப்பட ஒன்றுமில்லை. எழுதிய காகிதம் நமக்கு ஒரு சுத்தமான லைப்ரரியின் விவரக்குறிப்பாக மிச்சம். மீதிப் படிகளுக்கு நிஜமாக நடந்த கதைகளைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

படி 6: ஓட்டிப் பாருங்கள், கடைமடையில் நின்று

தாளில் அழகாக இருப்பது கணினியில் அசிங்கமாக இருக்கலாம். முடிவெடுக்கும் முன்பே மாதிரியாகச் செய்து, அதில் உங்கள் சொந்த நிரலை மாற்றி எழுதிப் பாருங்கள். இது முதல் பாதி. இரண்டாம் பாதிதான் முக்கியம்: ஏற்கெனவே இருக்கும் நிரல் என்ன ஆகிறது?

இணையப் பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அடுக்கடுக்கான பட்டியலைத் தட்டையாக்கும் செயல்பாட்டுக்கு 'ஃப்ளாட்டன்' என்று பெயர் வைக்க முடிவாகியிருந்தது. 2018-ல் உலாவியில் சோதித்தபோது, மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரியில் ஓடும் இணையதளங்கள் உடைந்தன. அந்த லைப்ரரி அதே பெயரில் தன் சொந்தச் செயல்பாட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒட்டி வைத்திருந்தது. "யாரும் பராமரிக்காத தளங்கள்தானே, உடையட்டும்" என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தளத்தைத் திறக்கும் மனிதருக்கு மூடூல்ஸும் தெரியாது, மொழியை முடிவுசெய்யும் குழுவும் தெரியாது. நேற்று திறந்த பக்கம் இன்று திறக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். கடைசியில் பெயரை 'ஃப்ளாட்' என்று மாற்றினார்கள். ஒரு பெயரின் அழகை விட்டுக்கொடுத்துக் கடைமடைக்குத் தண்ணீர் விட்ட கதை அது. எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று.

பைத்தானே இதை ஒரு முறை அடிபட்டுக் கற்றது. 3.7 பதிப்பில் 'ஏசிங்க்' என்ற சொல்லை முழுச் சிறப்புச்சொல்லாக்கியபோது (மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்டபோது), அதே சொல்லை அளவுருவின் பெயராக வைத்திருந்த லைப்ரரிகள் உடைந்தன. பிறகு 2021-ல் 3.10 பதிப்பில் வடிவப் பொருத்தம் வந்தபோது, 'மேட்ச்', 'கேஸ்' இரண்டையும் இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் மென்மையான சிறப்புச்சொற்களாக வைத்தார்கள். அதனால் 'மேட்ச்' என்று மாறிக்குப் பெயர் வைத்திருந்த பழைய நிரல்கள் அப்படியே ஓடுகின்றன.

இந்தச் சோதனையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ரஸ்ட் நல்ல பாடம். கிரேட்டர் என்ற கருவியை வைத்து, பொதுவில் வெளியான நிரல் பொதிகளை எல்லாம் புதிய தொகுப்பியில் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவியில்) ஓட்டி எவை உடைகின்றன என்று பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். எங்களிடம் இருப்பது கடைகளின் பழைய பில்களும் விதிக்கோப்புகளும். மொழியில் எந்த மாற்றம் செய்தாலும் போன மாத பில்களைத் திரும்ப ஓட்டி, ஒரு பைசா மாறினாலும் நிறுத்துகிறோம். 2019-ல் இது இருந்திருந்தால் அண்ணாச்சி கூப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால்? பழையவர்களுக்குப் பழையது, கேட்பவர்களுக்குப் புதியது என்று பிரித்துவிடுவது நல்ல வழி. கோ மொழி 2024 பிப்ரவரியில் வந்த 1.22-ல் சுழல் மாறியின் நடத்தையையே மாற்றியது. ஆனால் தன் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்கும் நிரலுக்கு மட்டுமே புதிய நடத்தை. ரஸ்டில் 2015, 2018, 2021, 2024 என்று பதிப்பாண்டுகள் உண்டு. உங்கள் பொதி எந்த ஆண்டைச் சொல்கிறதோ அந்த இலக்கணம்தான் அதற்கு. பழைய ஆண்டுப் பொதியும் புதிய ஆண்டுப் பொதியும் ஒரே நிரலில் சேர்ந்து ஓடும்.

படி 7: விவாதம்

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு சாயங்காலத்தில் முடிவாகிவிடும். பத்திரிகையில் எந்தத் தாய்மாமன் பெயர் முதலில் என்பதற்கு மூன்று வாரம் ஓடும். மொழி விவாதத்திலும் அப்படித்தான். பொருள் கடினமானது, அதைப் பற்றிப் பேசச் சிலரால்தான் முடியும். குறி எளியது, எல்லோருக்கும் கருத்து உண்டு.

பெப் 572 இதற்குப் பெரிய சாட்சி. ஒரு கோவையின் (மதிப்பைத் தரும் நிரல் துண்டின்) நடுவிலேயே மாறிக்கு மதிப்பைக் கொடுக்கும் := என்ற குறியை அது கொண்டுவந்தது. சின்ன வசதிதான். 2018-ல் அது கிளப்பிய சண்டை, பைத்தானை உருவாக்கிய குவிடோ வான் ரோசம் அதை ஏற்றுக்கொண்ட கையோடு, ஜூலை 12 அன்று, இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகும் அளவுக்குப் போனது. குறி 3.8-ல் வந்தது. ஆனால் ஒரு மொழி தன் தலைவரை இழக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் பலருக்கும் பதில் சொல்லத் தெரியாது.

முன்மொழிபவர் செய்யக்கூடியவை சில உண்டு. பெயர், குறி பற்றிய பேச்சைத் தனியாக ஒதுக்கி, "பொருள் முடிந்த பிறகு இதற்கு வருவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு எதிர்ப்பையும் எதிர்த்தவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி உங்கள் ஆவணத்தில் எழுதுங்கள். பதில் அப்புறம். ஒரே ஆள் ஒரே கருத்தைப் பத்து முறை சொன்னால் அது பத்து எதிர்ப்பு இல்லை, ஒன்றுதான். அதேபோல அமைதியாக இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் பேசிவிட்டால் மற்றவர்கள் "அண்ணன் சொன்னா சரி" என்று விட்டுவிடுவார்கள். அதனால் இப்போது வயதில் இளையவரிலிருந்து கருத்துச் சொல்கிறோம். கெளுத்தி மீன் அப்படித்தான் பிடிபட்டது.

படி 8: முடிவு

யார் முடிவெடுப்பது என்பதை விவாதம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். சண்டைக்கு நடுவில் நடுவரைத் தேட முடியாது. இதைப் பைத்தானே அனுபவித்தது. குவிடோ விலகிய பிறகு, எப்படி ஆளப்படுவது என்பதற்கே ஏழு முன்மொழிவுகள் வந்து, 2018 டிசம்பரில் வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்படி மூல உருவாக்குநர்கள் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பெப்களுக்கு இறுதிச் சொல் அந்தக் குழுவுடையது.

மற்றவர்கள் வேறு விதம். ரஸ்டில் அந்தந்தத் துறைக்கான குழு சேர்ந்து முடிவுக்கு வரும். "இதைத்தான் முடிவாக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஏதாவது சொல்ல 10 நாள் தருகிறார்கள். இந்தப் பத்து நாளை யார் வேண்டுமானாலும் தங்கள் குழுவுக்கு எடுத்துக்கொள்ளலாம், செலவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் குழுவான டிசி39-ல் முன்மொழிவு 0 முதல் 4 வரை நிலைகளாக ஏறுகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கருத்தொற்றுமை வேண்டும்; கடைசி நிலைக்கு இரண்டு தனித்தனிச் செயலாக்கங்கள் சோதனையில் தேறியிருக்க வேண்டும். பிஎச்பி மொழி மட்டும் வாக்கெடுப்பை நம்புகிறது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

வாக்கெடுப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2003-ல் பைத்தானில் ஒற்றை வரி நிபந்தனைக் கோவைக்காகப் பெப் 308 வந்தபோது சமூகத்திடம் வாக்குக் கேட்டார்கள். பல வடிவங்களுக்கு வாக்குச் சிதறி, எதற்கும் தெளிவான ஆதரவு இல்லை. கடைசியில் 2005-ல் குவிடோவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க, 2006-ல் 2.5 பதிப்பில் வந்தது. வாக்கு எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு "தோராயமான கருத்தொற்றுமையும் ஓடும் நிரலும்" என்று வைத்திருக்கும் வழி எனக்கு ஒத்துவருகிறது. எல்லோரும் சம்மதிக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பவர் சொல்லும் காரணத்துக்குப் பதில் இருக்க வேண்டும். ஒரே ஒருவர் எதிர்த்தாலும், அவர் சொல்வது கெளுத்தி மீன் என்றால் நிறுத்தியாக வேண்டும். பத்துப் பேர் எதிர்த்தாலும், ஆராய்ந்து பதில் சொல்லிவிட்ட காரணம் என்றால் மேலே போகலாம்.

முடிவு "இல்லை" என்றால் காரணத்தோடு எழுதுங்கள். கோ மொழியில் பிழை கையாளுவதைச் சுருக்க 2019-ல் 'ட்ரை' என்ற முன்மொழிவு வந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கொண்டுவந்தவர்களே கைவிட்டார்கள். அடுத்து இதே கேள்வியோடு வருபவர் அந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்.

படி 9: சின்னக் குழுவுக்கு இவ்வளவு போதும்

ஒரு கோப்புறை. முன்மொழிவுக்கு ஒரு கோப்பு, எண்ணோடு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதிய நாளிலிருந்து ஒரு வாரம் யோசிக்க; அதற்குள் பழைய பில்கள் ஓட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இளையவரிலிருந்து பேசுகிறோம். இறுதிச் சொல் யாருடையது என்பது ஆறு மாதத்துக்கு ஒருவராகச் சுழலும். முடிவெடுத்தவர் தன் முன்மொழிவுக்குத் தானே முடிவெடுக்க முடியாது. புதிய நடத்தை எதுவானாலும் விதிக்கோப்பின் முதல் வரியில் இருக்கும் பதிப்பு எண்ணைக் கடைக்காரர் சம்மதத்தோடு உயர்த்தினால்தான் வரும்.

அந்த முறையில் முதலில் முடிவானது அண்ணாச்சியின் அரை ரூபாய்தான். முன்மொழிவு எண் 1. பாதியை மேலே தள்ளும் பழைய வழக்கத்துக்கே திரும்புவது. அதற்குப் பைத்தானின் டெசிமல் தொகுதியில் நேரடியாகவே வழி இருக்கிறது. ஆதாரமாக வைத்தது 2017 மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு: வரித் தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். பில் தொகைக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்றாலும், கடைக்காரர்கள் கையில் பழகிய கணக்கு அதுதான். எங்களில் ஒருவர் மட்டும், இரட்டைப்படை முறைதான் கணக்கியல்படி நியாயம் என்று கடைசி வரை நின்றார். அவர் காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதி, கீழே எங்கள் பதிலையும் எழுதி முடித்தோம்.

முடிவைச் சொல்ல நானே கீழமாசி வீதிக்குப் போனேன். இரண்டு முறையையும் அவருடைய பழைய பில்லிலேயே போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு எதுக்கு தம்பி, விலையவே முழு ரூபாயா வச்சுட்டுப் போறேன்" என்றார். முன்மொழிவு 1-ன் நிராகரித்த யோசனைகளில் நான்காவதாக அது இருக்கிறது. எதிரே, "மொழியின் வேலை அல்ல" என்று காரணம். அவர் கடையில் அன்றிலிருந்து எந்தப் பொருளுக்கும் விலையில் பைசா கிடையாது.